கலைக்கூடத்தில் புதிதாக வேலைக்கு நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், மழையில் வந்த ஒரு குடும்பத்தை வாசலிலேயே மறித்து, குடையைக்கூட மடக்க விடாமல் முதல் படைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். மூலையில் நின்ற எனக்கு ஆத்திரமும் வந்தது, வெட்கமும் வந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இரண்டே அறை உள்ள சமகாலக் கலைக்கூடம் எங்களுடையது. நேரத்துக்கு வா, போனை நோண்டாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

செருப்பு

தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் கோயில் வாசல் மாதிரி நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். "போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்று சொல்லுங்கள். டிசம்பர் மாதச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு யார் நின்று பார்ப்பார்கள்?

முந்திக்கொண்டு விளக்குவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

2023, மலையகத் தமிழர் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று எங்கும் பேச்சாக இருந்த நேரம். ஒரு கலைஞர் எங்கள் பெரிய அறையில் கூரையிலிருந்து கொழுந்துக் கூடைகளை, அதுதான் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுத் தேயிலை பறிக்கும் கூடைகளை, கயிற்றில் தொங்கவிட்டு, நடுவில் ஒரு தராசு வைத்திருந்தார். ஒரு தோட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். நான் விடவில்லை. அடக்குமுறை, குறியீடு, வரலாற்றுச் சுமை என்று கால் மணி நேரம் பொழிந்தேன். "இந்தக் கயிறு இருநூறு வருட உழைப்பைத் தாங்கி நிற்கிறது" என்று கடைசியில் ஒரு போடு போட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நன்றாகச் செய்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு கீழே கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நின்ற அதே பெண்களில் ஒரு அம்மா தன் மகளிடம் சொல்வது காதில் விழுந்தது. "அது தலையில ஏறாத கயிறுடி. நம்ம கூடைக் கயிறு நடுவுல தேஞ்சு, எண்ணெயும் வேர்வையும் புடிச்சு கறுத்துப்போயில்ல இருக்கும்."

நான் ஓடிப்போய் மேலே பார்த்தேன். உண்மைதான். எல்லாம் கடையில் வாங்கிய புது நைலோன் கயிறு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே பளபளப்பு. திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டது. அன்றிரவு கலைஞருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அம்மாவைப் பிடிங்க, பழைய கயிறு இருந்தா கேட்போம்" என்றார். எந்தத் தோட்டம் என்றுகூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மீதி மூன்று வாரமும் அந்தப் புதுக் கயிற்றோடேயே கண்காட்சி நடந்தது, தெரிந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுச் சும்மா போயிருப்பார்கள்.

தராசுக்கு முன்னால், பறித்த கொழுந்தின் எடையில் இத்தனை கிலோ கழிவு என்று வெட்டிச் சொன்னால் வாய் திறக்காமல் நின்று பழகியவர்கள் அவர்கள். இங்கேயும் ஒரு தராசுக்கு முன்னால்தான் அவர்களை வாய் திறக்க விடாமல் நிறுத்தியிருக்கிறேன்.

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு படைப்புக்கு முன் பார்வையாளர் நின்ற சராசரி நேரம் 27 வினாடி. அந்தக் கொஞ்ச நேரத்தையும் நம் பேச்சு தின்றுவிட்டால் பார்ப்பது எப்போது? அபிகயில் ஹௌசன் என்ற உளவியலாளரும் பிலிப் யெனவைன் என்ற அருங்காட்சியகக் கல்வியாளரும் மூன்று கேள்விகளை வைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது, அவ்வளவுதான். இதை அப்படியே புத்தகத் தமிழில் கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், ஆட்கள் சுருங்கிப்போவார்கள். நான் "இதுல என்ன கண்ணுல படுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனசுக்குள் இருபது வரை எண்ணுகிறேன். பதினைந்தாவது எண்ணில் வாய் தானாகத் திறக்கப் பார்க்கும், கடித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, யார் செய்தது, எதனால் செய்தது என்று ஒருவர் நேராகக் கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிப் போடாதீர்கள். அதுவும் எரிச்சல்தான். தெரிந்ததைச் சொல்லுங்கள்.

'இது எந்தக் காலத்துப் பொருள்?' என்றால் சிரிப்பது

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுக்குள்ளேயே, 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகம் என்றால் பழைய சாமான் என்று ஒருவர் நினைப்பதில் என்ன தப்பு? "போன வருசம் செஞ்சதுங்க" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி இன்னும் நல்லதாக வரும்.

எழுத்துப் பலகை

காகிதமும் துணியும் வெளிறிப்போகும் என்று 50 லக்ஸ் அளவில் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கிறோம், சரி. அந்த மங்கலில், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே, மூன்றாவதாக, எறும்பு எழுத்தில் தமிழ் இருந்தால் அறுபது வயதுக் கண் என்ன செய்யும்? கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழியிலும் இயங்குகிறது, ஆக முடியாத காரியம் இல்லை. அப்புறம் அந்தத் தமிழ். 'இப்படைப்பு நினைவின் வெளிகளை விசாரணைக்கு உட்படுத்துகிறது' என்று எங்கள் பலகை ஒன்றில் இருந்தது. "பொலிஸ் விசாரணையா சேர்?" என்று கேட்டான் ஒரு பையன். மறுநாளே கழற்றினோம்.

ஞாயிறு பூட்டுவது

பூட்டாதீர்கள்.

ஃபிளாஷ்

ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

கருத்துப் புத்தகத்தைக் கையில் திணிப்பது

எழுதக் கூச்சப்படுகிறவர்கள் பேத்தியிடம் பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். பாட்டி என்ன சொன்னாலும் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் எழுதும். வாயால் கேட்டு, அவர்கள் சொன்னபடியே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பழைய புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க 'மிக நன்று' என்று பதினொரு தடவை இருக்கிறது, எல்லாம் ஒரே குண்டுக் கையெழுத்து. கொழுந்துக் கூடைகளைப் பார்க்க அந்தப் பெண்கள் வந்த அன்றைய பக்கம் அது.