படுக்கையறையில் எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகிறதா? லோடு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சுவரில் ஆறு பிளக் பாயிண்ட் இருந்தால் ஆறிலும் எதை வேண்டுமானாலும் சொருகலாம் என்று நினைத்துவிடுகிறோம். ஆறுக்கும் மின்சாரம் ஒரே ஒயரில் வரலாம். அதனால் முதல் வேலை, எதெது ஒரே லைனில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

படி 1: டிபி பாக்ஸில் (வீட்டின் மின் லைன்கள் பிரியும் பெட்டி) ஒரே ஒரு எம்சிபியை (லோடு அதிகமானால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் இறக்குங்கள், அதாவது ஆஃப் செய்யுங்கள். போன் சார்ஜரை ஒவ்வொரு சாக்கெட்டாகச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறாதவை எல்லாம் அந்த லைன். அடுத்த அறையையும் பாருங்கள். பல வீடுகளில் இரண்டு அறைக்கும் ஒரே எம்சிபிதான். ஒரு தாளில் எழுதி டிபி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

படி 2: எம்சிபியில் சி10, சி16 என்று போட்டிருக்கும். அந்த எண்தான் ஆம்பியர். வோல்டேஜால் பெருக்குங்கள்: 230 வோல்ட் என்றால் 10 × 230 = 2300 வாட். மணிக்கணக்கில் ஓடும் லோடு இதில் 80 சதவீதத்தை, அதாவது 1840 வாட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

படி 3: இப்போது சாமான்களின் வாட்டைக் கூட்டுங்கள். லேப்டாப் சார்ஜர் 65, ஃபேன் 75 என்ற அளவில்தான் இருக்கும்; இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சூடாக்கும் சாமான்கள்தான் லோடைத் தின்பவை. 1500 வாட் ரூம் ஹீட்டர் ஓடும்போது 1200 வாட் ஹேர் டிரையரைப் போட்டால் 2700; 10 ஆம்பியர் எம்சிபியின் 2300-ஐத் தாண்டிவிட்டது.

சரி, அதுதான் எம்சிபி இருக்கிறதே என்பீர்கள். கொஞ்சமாக மீறினால் அது உடனே விழாது. 10 ஆம்பியர் எம்சிபி 11 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்கி நிற்கும்படிதான் செய்யப்படுகிறது. அந்த நேரம் முழுக்க ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும்.

படி 4: ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை நேராகச் சுவர் சாக்கெட்டில் மட்டும் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகவே கூடாது. அதன் ஒயரைச் சுருட்டியபடியோ மெத்தைக்கு அடியிலோ விட்டால் சூடு வெளியேற வழியில்லை.

பிளக் சுடுகிறதா, சாக்கெட் பழுப்பாகியிருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா? எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அப்புறம், டிரிப் ஆகிறதே என்று 10-ஐ எடுத்துவிட்டு 16 ஆம்பியர் எம்சிபி மாட்டச் சொல்லாதீர்கள். சுவருக்குள் இருப்பது அதே பழைய ஒயர்தான். ஹீட்டர் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.