மொட்டை மாடியில் பட்டாம்பூச்சியின் ஆயுளைக் கணக்கெடுப்பது எப்படி?

பட்டாம்பூச்சி எத்தனை நாள் வாழும் என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், எருக்கஞ்செடி போதும். சென்னையில் பள்ளிக்கரணை, பெருங்குடி பக்கம் காலி மனைகளில் தேடுங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் மூன்று ஜோடி கருப்புக் கொம்புகளும் உள்ள புழு இலையடியில் இருந்தால் அது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு.

இலையோடு கிள்ளி வந்து, வலைத்துணி கட்டிய பெரிய டப்பாவில் விடுங்கள். தினமும் புது இலை வையுங்கள், எச்சத்தைத் தட்டிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, கையைக் கழுவாமல் முகத்தைத் தொடவே கூடாது!

கூட்டிலிருந்து பூச்சி வெளிவந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கை காய்ந்து விறைப்பாகச் சில மணி நேரம் ஆகும், அதுவரை தொடாதீர்கள். அப்புறம் நான்கு இறக்கைகளையும் மூடியபடி உடலுக்கு அருகில் மெதுவாகப் பிடித்து, பின்னிறக்கையின் அடிப்பக்கம் மெல்லிய மார்க்கரால் ஓர் எண் போடுங்கள். பின்னிறக்கை நடுவில் நான்கு கரும்புள்ளி என்றால் ஆண், மூன்று என்றால் பெண். அதையும் எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். தொட்டியில் கிலுகிலுப்பைச் செடி வைத்திருந்தால் ஆண் பூச்சிகள் தேடி வரும்.

பலர் தவறுவது இங்கேதான்: கடைசியாகப் பார்த்த நாள், இறந்த நாள் அல்ல. அது அடுத்த தெருவுக்குப் பறந்திருக்கலாம், ஓணான் வாயில் போயிருக்கலாம். அதனால் "குறைந்தது இத்தனை நாள்" என்று மட்டும் எழுதுங்கள்.

சரி, ஆயுளைத் தீர்மானிப்பது மரபணு மட்டும்தானா? வெந்தய வரியனின் பேரினத்தையே சேர்ந்த வட அமெரிக்க மொனார்க்கில் கோடைத் தலைமுறைக்குச் சில வாரம்தான் ஆயுள், மெக்சிகோவுக்கு வலசை போகும் தலைமுறையோ எட்டு மாதம் வரை இருக்கும், இத்தனைக்கும் இரண்டுக்கும் மரபணு ஒன்றே. வலசைத் தலைமுறையில் இளம்பருவ ஹார்மோன் குறைவதால் இனப்பெருக்கம் தள்ளிப்போகிறது, முதுமையும் தள்ளிப்போகிறது. 2001-ல் ஹெர்மன், டாட்டார் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்து ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகள் போன வழி வேறு. பெரும்பாலானவை தேனோடு மகரந்தத்தையும் உண்டு மாதக்கணக்கில் வாழ்கின்றன, அவற்றில் கக்கூனேஸ் என்ற நொதியின் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது, மகரந்தத்தைச் செரிக்க அது உதவுவதாகக் கருதுகிறார்கள்.

ஆக, பருவமும் உணவும் ஆயுளை மாற்றக்கூடியவை. அதனால் சித்திரையில் விட்டவற்றை ஒரு பக்கத்திலும், ஐப்பசி மழைக்கு முன் விட்டவற்றை வேறு பக்கத்திலும் எழுதி வாருங்கள்.