கிருஷ்ணகிரிக் கோட்டையும் நான் மறந்த நிலவும்: ஒரு மாற்று வரலாற்றுக் கதையில் விழுந்த முடிச்சு

1791 நவம்பர் 7 இரவில் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல்லின் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை கிருஷ்ணகிரியின் கீழ்க்கோட்டையைப் பிடித்தும், திப்புவின் வீரர்கள் மேலிருந்து உருட்டிய பாறைகளில் ஏணிகள் நொறுங்கியதால் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் பின்வாங்கியது. அந்தத் தாக்குதல் வென்றிருந்தால் என்பதே என் கதை. ஆனால் வெல்லும் அத்தியாயம் மட்டும் பத்து நாட்களாக நம்பும்படி அமையவில்லை.

முதலில் ஏறுவோரின் எண்ணிக்கையைக் கூட்டினேன். குறுகிய பாதையில் நெரிசல்தான் கூடியது. காவலர்களைக் குறைத்தேன், பாறை உருட்டச் சிலரே போதும். தாக்குதலைத் தீபாவளி அமாவாசைக்கு முன்தள்ளினேன். ஆனால் அந்த அமாவாசை அக்டோபர் 27 வாக்கில்; கிருஷ்ணகிரிக்கு வருமுன் மேக்ஸ்வெல் பென்னாகரத்தைப் பிடித்ததே அக்டோபர் 31இல்தான் என்பது குறுக்கே நின்றது.

ஒரு வளர்பிறை இரவில் மொட்டைமாடியிலிருந்து மலையைப் பார்த்தபோது, அந்த வெற்றுப் பாறைச் சரிவில் ஓர் ஆள் அசைந்தாலும் தெரியும் என்பது உறைத்தது. நான் கும்மிருட்டு என எழுதியிருந்த தேதிக்குத் திதிக் கணக்குப் போட்டேன்: அமாவாசை கழிந்து பதினொரு நாள், நிலவு மறைவது பின்னிரவு 3 மணியளவில். படையையோ தேதியையோ தொடாமல், என் கதையில் 10 மணிக்கு வைத்திருந்த ஏற்றத்தை நிலவு மறைந்த பிறகுக்குத் தள்ளினேன். மாற்று வரலாற்றில் மாற்றம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்பது என் கருத்து.

அத்தியாயம் ஒரே இரவில் முடிந்ததில் பெரும் நிம்மதி. இப்போது காவலனுக்கு ஏணி சாயும் ஒலி கேட்கிறது. பாறையை எந்தப் பக்கம் உருட்டுவது என்றுதான் தெரியவில்லை.