ரயில் ஜன்னலில் சிக்கிய பறக்கும் தட்டு: வீடியோவில் இடமாறு தோற்றத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன மாதம் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். மாலை ஏழு மணிக்கு மேல், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலுக்குள் இருந்து எடுத்தது. சைனீஸ் கார்டனை விட்டு ஜூரோங் ஈஸ்ட் நோக்கி ரயில் போகிறது. தூரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் உச்சியை ஒட்டி ஒரு வெள்ளை ஒளிப்புள்ளி, ரயிலுக்கு எதிர்த்திசையில் விர்ரென்று ஓடுகிறது. மொத்தம் ஒன்பது விநாடி. "சித்தப்பா, ரெண்டு புளோக்கை ஒரே நொடியில தாண்டுது, பாருங்க! இது விமானம் இல்ல" என்று கூடவே குரல் பதிவு.

அவள் பார்த்தது பொய்யில்லை. புள்ளி அப்படித்தான் ஓடியது. ஆனால் ஓடியது எது என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். ஒரு கைப்பேசியும் ஒரு பிங்பாங் பந்தும் இருந்தால் போதும்.

படி 1: கட்டைவிரல்

கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, எதிர்ச்சுவரில் இருக்கும் நாட்காட்டிக்கு நேராகப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. விரல் அசையவில்லை, ஆனால் நாட்காட்டியின் மேல் இப்படியும் அப்படியும் தாவுகிறது. பார்க்கும் இடம் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு மாறியதால் வந்த வினை இது. பள்ளிப் புத்தகத்தில் இதை இடமாறு தோற்றம் என்று படித்திருப்பீர்கள்.

படி 2: சொந்தமாக ஒரு பறக்கும் தட்டு

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சொல்லிக் கேட்பதற்கும் தன் கையால் எடுத்த வீடியோவில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

காற்று அதிகமில்லாத காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள். தாழ்ந்த கிளை ஒன்றில் தூண்டில் நரம்பால் பிங்பாங் பந்தைக் கண் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். பந்திலிருந்து 5 மீட்டர் தள்ளி, கடலைப் பார்த்து நில்லுங்கள். பின்னால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெரிய வேண்டும். கேமராவை மூன்று மடங்கு ஜூம் செய்து, பந்தைத் திரையின் நடுவில் வையுங்கள். பந்து லேசாக மங்கினாலும் பரவாயில்லை, கப்பல்கள் தெளிவாக இருக்கட்டும். இப்போது பக்கவாட்டில் 2 மீட்டர் நடங்கள். இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளலாம். நடக்கும்போது பந்து நடுவிலேயே இருக்கும்படி கைப்பேசியைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். (முடிந்ததும் நரம்பை அவிழ்த்து எடுத்துவிடுங்கள், பறவைகளின் காலில் சிக்கும்.)

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பாருங்கள். நரம்பு தெரியாது. வெள்ளை உருண்டை ஒன்று கப்பல்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் பறக்கும். நீங்கள் வலப்பக்கம் நடந்திருந்தால் அது இடப்பக்கம் போகும்.

இப்போது கணக்கு. கப்பல்கள் 2,000 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பந்துக்கும் கப்பலுக்கும் இடையே 1,995 மீட்டர். அதைப் பந்தின் தூரமான 5ஆல் வகுத்து, நீங்கள் நடந்த 2 மீட்டரால் பெருக்குங்கள். 798 மீட்டர் வரும். பந்து கப்பல்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஒருவர் நம்பினால், அது இரண்டு விநாடியில் 798 மீட்டர் பறந்ததாகக் கணக்குப் போடுவார். மணிக்கு 1,400 கிலோமீட்டருக்கு மேல்! ஒலியின் வேகத்தையும் மிஞ்சிவிட்டது, நரம்பில் தொங்கும் ஒரு பந்து.

அவர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான்: பந்தின் தூரத்தைப் பின்னணியின் தூரமாக எடுத்துக்கொண்டார். ஒரு வீடியோ நமக்குத் திசையை மட்டும்தான் தருகிறது. தூரம் தெரியாமல் யாரும் வேகம் சொல்ல முடியாது. "மணிக்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர்" என்று வரும் எந்த வீடியோவைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, தூரத்தை எப்படி அறிந்தார்கள் என்பதைத்தான்.

ஜூம் இடமாறு தோற்றத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் மரம், கைப்பிடி, நடைபாதை என்று நம் அசைவைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நிலா சுமார் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், நீங்கள் ரயிலில் சில கிலோமீட்டர் போனாலும் அதன் திசை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறுவதில்லை. அதனால்தான் அது ரயிலோடு கூடவே ஓடிவருவதுபோல் இருக்கிறது. பிரகாசமான வெள்ளிக் கோளும் அப்படித்தான்.

படி 3: மூன்று கோடுகள்

இனி அண்ணன் மகளின் வீடியோ. மூன்று இடங்களில் அதை நிறுத்தினோம். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகள்: அந்த நொடியில் ரயில் எங்கே இருந்தது? ஒளிப்புள்ளிக்கு நேர் பின்னால் எது இருந்தது? முதல் கேள்விக்கு, கீழே கடந்துபோன சாலைச் சந்திப்பும் தண்டவாளத்தை ஒட்டிய கட்டடங்களும் விடை சொல்லின. இரண்டாவதற்கு, புளோக் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்கள். புளோக்குக்குப் புளோக் எண் எழுதி வைத்த இந்த ஊரில் இந்த வேலை மிகவும் சுலபம்.

சிங்கப்பூரின் ஒன்மேப் இணைய வரைபடத்தை அச்செடுத்து, ரயில் இருந்த புள்ளியிலிருந்து பின்னணிப் புள்ளிக்கு அடிக்கோலால் கோடு போட்டோம். மூன்று நிறுத்தம், மூன்று கோடு. இரண்டு கோடுகள் இணையாக இல்லாவிட்டால் எங்காவது வெட்டிக்கொள்ளும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சோதனையே மூன்றாவது கோட்டில்தான். அதுவும் அதே இடத்தில் வந்து சேர்ந்தால், அசையாத ஒரு பொருள் அங்கே நிற்கிறது என்பதே மிக எளிய விளக்கம். சேராமல் சிறிய முக்கோணமாக விலகினால், நம் அளவில் பிழை இருக்கலாம், அல்லது பொருள் மெதுவாக நகர்ந்திருக்கலாம்.

அவள் கோடுகள் மூன்றும் தண்டவாளத்திலிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளி, ஒரு கட்டுமானத் தளத்தில் சந்தித்தன. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தோம். பாரந்தூக்கியின் நீண்ட கையில் ஒரு வெள்ளை விளக்கு. அவள் ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன். "இன்னொரு வீடியோ இருக்கு, அதையும் போட்டுப் பாக்கலாமா?" என்றாள்.

படி 4: இதே கணக்கு, போர் விமானத்தில்

2015இல் ஃபுளோரிடா கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த "கோஃபாஸ்ட்" வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கடல்மட்டத்தை ஒட்டி ஏதோ ஒன்று அசுர வேகத்தில் பாய்வதுபோல் தோன்றும். இதில் நமக்குக் கிடைத்த வரம், தூரம் திரையிலேயே இருப்பதுதான்.

விமானத்தின் உயரம் 25,000 அடி, அதாவது 7,620 மீட்டர். கேமரா 26 பாகை கீழ்நோக்கிப் பார்க்கிறது. பொருளின் தூரம் 4.4 கடல்மைல், ஏறக்குறைய 8,150 மீட்டர். 26 பாகையின் சைன் மதிப்பு 0.438. பெருக்கினால் பொருள் விமானத்துக்கு 3,570 மீட்டர் கீழே இருக்கிறது. 7,620இலிருந்து கழித்துப் பாருங்கள்: கடலுக்கு மேல் சுமார் 4,050 மீட்டர் உயரம்! கடலை உரசிக்கொண்டு போகவே இல்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் தொங்கிய பந்துதான் அது, பின்னால் கப்பலுக்குப் பதில் கடல்.

நாசாவின் ஆய்வுக்குழு 2023 செப்டம்பர் அறிக்கையில் இதே வழியில்தான் போனது. பொருள் 13,000 அடி உயரத்தில் இருந்தது, 22 விநாடியில் ஏறக்குறைய 390 மீட்டர் நகர்ந்தது என்று கணித்தார்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வருகிறது. அந்த உயரத்தில் சாதாரணமாக வீசும் காற்றின் வேகம் அது. கேமராவைச் சுமந்த விமானமோ மணிக்கு 700 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. பொருள் என்ன என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. வேகத்தைப் பற்றிய வியப்புக்கு மட்டும்தான் இது விடை.

படி 5: நாளை நீங்கள் ஒன்றைக் கண்டால்

பொருளைத் துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்பாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, கைப்பேசியை ஒரு தூணிலோ சுவரிலோ சாய்த்து, விளக்குக்கம்பமும் புளோக் எண்ணும் சட்டகத்தில் வரும்படி ஜூம் இல்லாமல் ஒரு நிமிடம் எடுங்கள். பிறகு பத்தடி நகர்ந்து, மறுபடி அசையாமல் இன்னொரு நிமிடம். நின்ற இரண்டு இடங்களையும் நேரத்தையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், கொஞ்சம் தள்ளி நின்று அதே நேரத்தில் அவர்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.