டிகிரி இல்லாமல் கம்போடியாவில் ஆங்கிலம் கற்பிக்க: விசாவும் ஒர்க் பர்மிட்டும்

“அக்கா, டிகிரி முடிக்கலை. வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சரா போக முடியுமா?” ஊரிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். முடியும். ஆனால் எந்த நாட்டுக்கு, எந்த விசாவில், யார் எடுத்துத் தரும் ஒர்க் பர்மிட்டில் என்ற மூன்றையும் கேட்டுத் தெளிந்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும்.

நான் தூத்துக்குடியில் பிளஸ் டூ வரை ஆங்கிலவழியில் படித்தவள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கல்லூரி பாதியில் நின்றது. சென்னையில் கால் சென்டர், அப்புறம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம், இப்போது கம்போடியாவின் புனோம் பென் நகரில் ஒரு தனியார் பள்ளி. பர்மிட் என் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், பயமில்லாமல் வேலைக்குப் போய் வருகிறேன். டிகிரி இல்லை என்பதற்காக யாரும் ஒளிந்து மறைந்து வாழ வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கே போக முடியாது என்பதைப் பார்த்துவிடுவோம். தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது, அவர்களுக்கும் டிகிரி கட்டாயம். இந்தியர்களுக்கு இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக ஒரு கதவு உண்டு. அதற்கும் டிகிரியோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். சீனாவில் டிகிரி இல்லாமல் முறையான வேலை விசா கிடையாது. தாய்லாந்தில் பள்ளியில் பாடம் எடுக்க ஆசிரியர் உரிமம் அல்லது தற்காலிக விலக்கு வேண்டும், இரண்டுக்கும் டிகிரி கேட்பார்கள். வியட்நாமிலும் பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் இல்லாமல் பர்மிட் நகராது. இந்த நாடுகளில் “டிகிரி வேண்டாம், டூரிஸ்ட் விசாவில் வாங்க, பார்த்துக்கலாம்” என்று ஒருவர் சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள், அவர் அல்ல. “டிகிரி சர்டிஃபிகேட் ஏற்பாடு பண்ணித் தரேன்” என்பவரிடம் பேசவே வேண்டாம். போலிச் சான்றிதழ் குற்றம். அது எந்த வயதிலும் திரும்பி வந்து உங்களைப் பிடிக்கும்.

கம்போடியா ஏன் வேறு மாதிரி? 1997ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 261ஆம் பிரிவு. வெளிநாட்டவர் யாரும் ஒர்க் பர்மிட்டும் பணி அட்டையும் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. கூடவே நிபந்தனைகளையும் சொல்கிறது: சட்டப்படி நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும், செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், தங்கும் அனுமதி வேண்டும், வேலைக்கு ஏற்ற உடல்நலம் வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது. டிகிரி இந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிகள் கேட்கலாம், பெரிய பள்ளிகள் கட்டாயம் கேட்கும். ஆனால் அது இந்தப் பிரிவின் நிபந்தனை அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

டிகிரி இல்லாதவருக்குப் பயிற்சிச் சான்றிதழ்தான் கை கொடுக்கும். 120 மணி நேர டெஃபல் (பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) படிப்புகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுக்காமல் வாங்கிய சான்றிதழுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. பணம் புரட்ட முடிந்தால் கேம்பிரிட்ஜின் செல்ட்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியைப் படியுங்கள். அதில் குறைந்தது ஆறு மணி நேரம் நிஜ வகுப்பு எடுக்க வேண்டும், பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்வார். அதில் சேர டிகிரி தேவையில்லை. கல்லூரியில் சேரும் அளவுக்குப் படிப்பும் நல்ல ஆங்கிலமும் 18 வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. 2020க்குப் பிறகு முழுக்க ஆன்லைனிலும் நடத்துகிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் என்னைப் பொறுத்தவரை டிகிரி இல்லாத ஒருவர் போடக்கூடிய முதலீடுகளில் இதுதான் உருப்படியானது.

பாஸ்போர்ட் சேவா மூலம் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு வேலை என்பதால் நல்ல பள்ளிகள் கேட்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களோடு, ஆங்கிலவழியில் படித்தேன் என்று பள்ளியிடமிருந்து ஒரு கடிதமும் வாங்குங்கள். நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி அதுதான். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். டாலர் நோட்டுகள் கிழிசலோ கிறுக்கலோ இல்லாமல் இருக்கட்டும், இங்கே கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கம்போடியா வேலை என்று நம்பி வந்து இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2024 மார்ச் இறுதியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, அதுவரை சுமார் 250 இந்தியர்கள் கம்போடியாவிலிருந்து மீட்டு அனுப்பப்பட்டார்கள். விளம்பரம் பெரும்பாலும் டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட், “இங்கிலீஷ் டைப்பிங்” என்று வரும். நேர்காணல் டெலிகிராமில் பத்து நிமிடம். அனுபவமே இல்லாதவருக்கு ஆயிரம் டாலர், இலவச விமான டிக்கெட், வந்து இறங்கியதும் காரில் கூட்டிப் போவோம் என்பார்கள். இடம் சிஹானூக்வில், பாய்பெட், பாவெட் என்று இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். ஒரு நிஜமான ஆங்கிலப் பள்ளி புது ஆசிரியருக்கு டிக்கெட் எடுத்துத் தராது. நீங்கள் பாடம் எடுப்பதைப் பார்க்காமல் வேலையும் தராது. ஏஜென்ட் மூலம் வருவதாக இருந்தால் அவர் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமிருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேளுங்கள். புனோம் பென் இந்தியத் தூதரகத்தின் எண்ணை உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, பையன்களும்.

எந்த விசாவில் இறங்குவது

இரண்டு விசாக்கள் பொதுவாகப் பேசப்படும். டி (T) வகை சுற்றுலா விசா, 30 டாலர். ஈ (E) வகை சாதாரண விசா, 35 டாலர். ஐந்து டாலர் மிச்சம் என்று முதலாவதை எடுத்தால் அங்கேயே முடிந்தது கதை. சுற்றுலா விசாவை ஒரே ஒரு முறை, ஒரு மாதத்துக்குத்தான் நீட்டிக்க முடியும், உள்ளே இருந்துகொண்டே அதை ஈ வகையாக மாற்ற முடியாது. அதில் வேலையும் செய்யக் கூடாது. எனவே ஈ வகைதான். முதலில் 30 நாள் கிடைக்கும், பிறகு உள்நாட்டிலேயே நீட்டித்துக்கொள்ளலாம். சென்னையில் விமானம் ஏறும் முன் குடியேற்ற அதிகாரிகள் துருவிக் கேட்பார்கள். மேலே சொன்ன மோசடிகள்தான் காரணம், கோபப்படாதீர்கள். பள்ளியின் கடிதம், தங்குமிட முகவரி, சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ஃபைலில் கையில் இருக்கட்டும்.

நீட்டிப்பில்தான் குழப்பம் அதிகம். வேலை தேடுகிறவர்களுக்கு ஈ.ஜி. என்று ஒன்று உண்டு, ஆறு மாதம் வரை வாங்கலாம். வேலை கிடைத்தவருக்கு ஈ.பி. அதற்கு வேலை தரும் இடத்தின் கடிதம் வேண்டும், நீண்ட காலத்துக்கு என்றால் ஒர்க் பர்மிட்டையும் கேட்பார்கள். ஒரு மாத, மூன்று மாத நீட்டிப்புகளில் நாட்டை விட்டு வெளியே போனால் விசா செத்துவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் போய் வரலாம். தீபாவளிக்கு ஊருக்கு வர நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்புக்கு முன் உங்கள் வீட்டுக்காரரோ விடுதிக்காரரோ நீங்கள் தங்கியிருப்பதைக் குடியேற்றத் துறையின் செயலியில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் நிற்கும். வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். நாள் கடந்து தங்கினால் ஒரு நாளுக்கு 10 டாலர் அபராதம்.

விசா இருந்தால் வேலை செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. விசா நீங்கள் இங்கே இருப்பதற்கு, ஒர்க் பர்மிட் நீங்கள் வேலை செய்வதற்கு. முதலாவது குடியேற்றத் துறையிடம், இரண்டாவது தொழிலாளர் அமைச்சகத்திடம். இரண்டும் வேண்டும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

வேலை தேட நேரில் வருவதே நல்லது. புனோம் பென்னில் பள்ளிகளும் மொழி மையங்களும் ஏராளம். சான்றிதழ் நகல்களை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுத்தால் மின்னஞ்சலைவிட வேகமாக வேலை நடக்கும். “நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்” என்று போட்டிருக்கும் இடங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை செய்யும் பள்ளிகளைப் பாருங்கள், நம்மையும் அங்கே ஆசிரியராகவே பார்ப்பார்கள். ஒரே வேலைக்கு நமக்கும் வெள்ளைக்காரருக்கும் சம்பளம் வேறு வேறாக இருக்கும். அது அநியாயம், அதை அநியாயம் என்றே சொல்வேன். முதல் வருடம் பர்மிட்டும் அனுபவமும் முக்கியம், அதற்கு அடுத்த வருடம் உரக்கப் பேசுங்கள்.

வேலை தரும் முன் பள்ளி உங்களை எடுக்கச் சொல்லிப் பார்க்கும் டெமோ வகுப்பில் இலக்கண விதியைப் பலகையில் எழுதி விளக்கப் போகாதீர்கள். இங்கே பேசும் கெமர் மொழியில் காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது, பன்மைக்கும் சொல் மாறாது. ஆகவே இங்குள்ள பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி ஒலியை விழுங்கிவிடுவார்கள். நேற்று என்ன செய்தாய் என்று ஒருவரையொருவர் கேட்க வைத்து, அந்தக் கடைசி ஒலியை அவர்கள் காதில் விழச் செய்தால் போதும். நீங்கள் குறைவாகப் பேசி, பிள்ளைகள் அதிகம் பேச வேண்டும்.

வேலை தருகிறோம் என்றதும் சம்பளத்துக்கு முன் இதைக் கேளுங்கள்: “வெளிநாட்டு ஊழியர்களுக்கான கோட்டா இந்த வருடத்துக்கு வாங்கியிருக்கிறீர்களா? எனக்கு அதில் இடம் இருக்கிறதா?” கம்போடியாவில் ஒரு நிறுவனம் மொத்த ஊழியர்களில் பொதுவாகப் பத்து சதவீதம் வரைதான் வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான கோட்டாவுக்கு செப்டம்பர் முதல் நவம்பர் வரை விண்ணப்பிப்பார்கள். கோட்டா இல்லாத பள்ளியால் உங்களுக்கு பர்மிட் எடுக்க முடியாது, என்ன இனிப்பாகப் பேசினாலும் சரி. நான் போன ஒரு மையத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் பேச்சையே மாற்றினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது, பர்மிட் செலவு யாருடையது? வருடத்துக்கு 100 டாலர் கட்டணம், மருத்துவப் பரிசோதனை தனி. நல்ல பள்ளிகள் தாங்களே கட்டும், சில பாதி கட்டும். எதுவானாலும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வரட்டும். தாமதித்தால் பர்மிட் இல்லாமல் இருந்த முந்தைய வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்வது இங்கே வழக்கம், அந்தச் சுமை உங்கள் தலையில் விழக் கூடாது.

ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். மணிக்கணக்கில் சம்பளமா, மாதச் சம்பளமா? மணிக்கணக்கு என்றால் ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டுக்கும், செப்டம்பர் அக்டோபரில் வரும் முன்னோர் வழிபாட்டு விடுமுறைக்கும் பள்ளி மூடும்போது கையில் காசு வராது. கெமர் புத்தாண்டு நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது. அந்த வாரம் ஊருக்குப் போகத் தோன்றும், ஆனால் டிக்கெட்டும் அப்போதுதான் விலை ஏறும். மாதச் சம்பள ஊழியருக்குச் சட்டப்படி மாதம் ஒன்றரை நாள் வீதம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம் முடியும்போது, அந்தக் காலத்தில் வாங்கிய ஊதியத்தில் குறைந்தது ஐந்து சதவீதம் தர வேண்டும். இதைப் பல ஆசிரியர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள், அது உங்கள் பணம்.

பாஸ்போர்ட்டைப் பள்ளி “பத்திரமாக” வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். விசா நீட்டிப்புக்காகச் சில நாள் கொடுக்க வேண்டியிருக்கும், அது நடைமுறைதான். அப்போது ரசீது வாங்கி, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மிட் கைக்கு வந்த பிறகு

பர்மிட் நீங்கள் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31 வரைதான். மறு வருடம் மார்ச் 31க்குள் அந்த வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பள்ளி செய்யும் என்று விட்டுவிடாமல் பிப்ரவரியிலேயே அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பர்மிட் அந்தப் பள்ளியோடு கட்டுப்பட்டது. வேறு பள்ளிக்கு மாறினால் புதுப் பள்ளி தன் கோட்டாவில் உங்களைச் சேர்க்க வேண்டும். ஆகவே அங்கே கையெழுத்தாகும் முன் இங்கே ராஜினாமா வேண்டாம்.

வேலையை விடும்போது பணிச் சான்று வாங்காமல் கிளம்பாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகுப்பு, வாரம் எத்தனை மணி நேரம் என்று விவரமாக இருக்க வேண்டும். பழைய பர்மிட் நகல்கள், வரி பிடித்த சம்பள ரசீதுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். காரணம் இருக்கிறது. ஜப்பானின் வேலை விசா விதிகளில், மொழி கற்பித்தல் போன்ற பணிகளுக்கு டிகிரி இல்லாதவர் மூன்று வருட அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்த அனுபவம் காகிதத்தில் நிரூபணமாக வேண்டும். பர்மிட் இல்லாமல் திருட்டுத்தனமாகச் செய்த வேலையை எந்த அதிகாரியிடம் எப்படிக் காட்டுவீர்கள்? இதற்கிடையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பி.ஏ.வுக்கும் பதிந்துவிடுங்கள். நானும் பதிந்திருக்கிறேன்.