ஆர்பிஜி புத்தகத்துக்குக் கோட்டோவியம்: நடுகல்லிலிருந்து அச்சகம் வரை

கதைப் புத்தகத்துப் படம் நடந்ததைக் காட்டும். ஆர்பிஜி என்பது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் கதை ஆட்டம். அதன் புத்தகத்துப் படத்தில் இன்னும் எதுவும் நடந்திருக்காது. ஆட்டம் நடத்துபவர் புத்தகத்தை மேசைப் பக்கம் திருப்பிப் பிடித்து, "கதவைத் திறந்தா இதுதானுங்க தெரியுது, என்ன பண்றீங்க?" என்று கேட்பார். அதனால் அறைப் படத்தில் வாளோடு நிற்கும் வீரனை வரைய வேண்டாம். வரைந்தால் 'இது யாரு, நானா?' என்றுதான் முதல் கேள்வி வரும். வாசலில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து வரையுங்கள். பொறி இருந்தால் அதன் அடையாளம் மட்டும் தெரியட்டும், விடை தெரிய வேண்டாம். 1978-இல் வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' (Tomb of Horrors) என்ற ஆர்பிஜி சாகசப் புத்தகத்தோடு, ஆடுபவர்களுக்குக் காட்டுவதற்கென்றே தனிப் படச் சிறுநூல் இருந்தது. வரைந்ததை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். அங்கிருந்து புரியாத படம் மேசைக்கு உதவாது.

1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி வெளிவந்தபோது உள்ளே இருந்தவை எளிய கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். 80-களில் அட்டைகளை எண்ணெய் வண்ண ஓவியங்கள் பிடித்துக்கொண்டன. இன்றைய பெரிய புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் டிஜிட்டல் வண்ணம். முதல் புத்தகம் போடுகிறவர்கள் கோட்டோவியத்தில் நிற்பதே நல்லது. அச்சுச் செலவு குறையும், மூன்று பேர் வரைந்தாலும் ஒரே பேனா அளவுகளை வைத்து ஒரே கை போலக் காட்டலாம். பழகுவதற்கு நம் பக்கத்திலேயே ஆசான் உண்டு. நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்கு வரைந்த கோயில் சிற்பங்களை எடுத்து வைத்து, கல்லின் வளைவை அவர் கோடு எப்படித் தொடர்கிறது என்று பாருங்கள்.

பேனாவைத் தொடுமுன் அச்சு அளவை முடிவு செய்யுங்கள். ஏ5 பக்கம் 148 × 210 மி.மீ. தையல் பக்கம் 18, வெளிப்பக்கம் 12 மி.மீ. விட்டால் அகலம் 118 மிஞ்சும். அரைப்பக்கப் படத்துக்கு 118 × 80 என்று வைத்துக்கொண்டால், மூலத்தை ஒன்றரை மடங்காக 177 × 120 அளவில் வரையலாம். ஏ4 ஐவரி தாளில் தாராளமாக அடங்கும். சுருக்கும்போது கை நடுக்கம் மறையும், ஆனால் கோடும் மெலியும். 01 என்று எண் போட்ட வரைபேனாவின் 0.25 மி.மீ. கோடு அச்சில் 0.17 ஆகிவிடும். அதற்குக் கீழே போகாதீர்கள். தூரத்துக்கு 01, நடுவுக்கு 03, முன்னால் இருப்பதற்கு 08 என்று மூன்று பேனா போதும். நிழலுக்கு மூலத்தில் 10 மி.மீ. இடத்தில் 8 முதல் 10 கோடு. அதைவிட நெருக்கினால் மை பரவி, அச்சில் அழுக்குத் திட்டாகத்தான் வரும். இன்னும் இருட்டு வேண்டுமானால் 20, 30 டிகிரி சாய்த்து மேலே இன்னொரு அடுக்கு போடுங்கள். நேர் செங்குத்தாகப் போட்டால் கொசுவலை ஆகிவிடும்.

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம்: நிலவறை முகப்பில் ஒரு புலிகுத்திக் கல். பின்னங்காலில் எழுந்த புலி, அதைக் குத்தும் வீரன் என்று கொங்கு ஊர்களில் காணும் நடுகல் வகை. மாதிரிப் படம் எடுக்கக் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்து மணி வாக்கிலோ போங்கள். உச்சி வெயிலில் புடைப்பின் நிழல் செத்துப்போய்க் கல் மொட்டையாகத் தெரியும். கோடு தெரியட்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தீட்டவே கூடாது. பல இடங்களில் அது ஊரார் கும்பிடும் கல்; கேட்டுவிட்டு எடுங்கள்.

தாளில் முதலில் ஒளி எந்தப் பக்கம் என்று ஓரத்தில் அம்பு போடுங்கள். எச்பி பென்சிலில் அழுத்தாமல் உருவம் வரையுங்கள். 2எச் தாளில் பள்ளம் விழுத்தும், மை அதில் ஓடும். ஒளி இடப்பக்கம் என்றால் புலி, வீரன் இருவரின் வலது ஓரங்களுக்கு மட்டும் 08. இடது ஓரத்தை 01-இல் விட்டு விட்டு இழுங்கள், சில இடத்தில் கோடே வேண்டாம். சுற்றிலும் ஒரே தடிமனில் கோடு கட்டினால் கல்லில் செதுக்கியது போல் இராது, ஸ்டிக்கர் ஒட்டியது போல் இருக்கும். கருங்கல்லின் சொரசொரப்புக்குப் புள்ளி வைக்கும்போதும் கல் முழுக்க நிரவாதீர்கள். ஒளி நிழலாக மாறும் இடத்தில் மட்டும் கூட்டமாக வையுங்கள். கடைசியாகப் பின்னால் உள்ள குகை வாய்க்குப் பிரஷ்ஷில் இந்தியன் இங்க். கால் மணி நேரம் காய்ந்த பிறகே ரப்பர். அவசரப்பட்டால் கறுப்பு சாம்பலாகும்.

மிருகங்களுக்கும் இங்கிருந்தே எடுக்கலாம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத் திமில் இல்லாத மாட்டை வரைந்தால் காங்கயத்துக்காரர் சிரிப்பார். காங்கயம் காளையின் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் போய், நுனியில் உள்ளே வளைந்து வட்டத்தை முடிக்கப் பார்க்கும். தலை, திமில், தொடைப் பகுதி கறுப்பேறியும், உடல் சாம்பலாகவும் இருக்கும். இதையே யானை உயரத்துக்கு வளர்த்து, கிளுவை வேலிக்குப் பின்னால் நிறுத்துங்கள். வேலியின் உயரம் எல்லாருக்கும் தெரியும். அளவு காட்ட ஆள் தேவையில்லை.

மூலத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தால் சுருக்கியபின் 900 ஆகும். கிம்ப் அல்லது கிரிட்டா என்ற பட மென்பொருளில் த்ரெஷோல்ட் (எவ்வளவு இருட்டு வரை கறுப்பு, அதற்கு மேல் வெள்ளை என்று பிரிக்கும் எல்லை) போட்டு, சாம்பல் இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையாக மாற்றி டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், கோட்டைச் சுற்றிப் பொடி படியும். நான்கு வண்ணப் பக்கத்தில் வந்தாலும் கோடு கறுப்பு மைக்கான அச்சுத் தட்டில் மட்டும் 100 சதவீதம் இருக்கட்டும். நான்கு மையும் சேர்ந்த கறுப்பென்றால், தட்டு இம்மி நகர்ந்தாலும் கோட்டுக்குச் சிவப்பும் நீலமுமாக நிழல் முளைக்கும்.

தாளுக்கு மேப்லித்தோ (மேல்பூச்சு இல்லாத அச்சுத் தாள்) நல்லது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையை மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறது, மேப்லித்தோவும் உண்டு. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அந்தக் குகை வாய் பின்பக்கத்து எழுத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும், 100 கேளுங்கள். மொத்தமாக ஓட்டுமுன், அடர்த்தியான படம் உள்ள ஒரு தாளை அதே காகிதத்தில் இரண்டு பக்கமும் அடித்துத் தரச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கோடுகள் ஒட்டியிருந்தால் கிரேஸ்கேல் ஸ்கேனுக்கே திரும்பிப் போய், த்ரெஷோல்டைச் சற்றுக் குறைத்துக் கோட்டை மெலிய வையுங்கள். மெஷின்காரரிடம் மையைக் குறைக்கச் சொன்னால் எழுத்தும் சேர்ந்து வெளுத்துவிடும்.