தடைக்காலத்தில் முடிக்க வேண்டிய கரை வேலை: பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோருக்கு

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதம் வருகிறது. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்து வீடுகளில் கையில் காசு வற்றும் நேரமும் பிள்ளையின் விண்ணப்ப நேரமும் ஒன்றாகவே வந்து நிற்பது இதனால்தான். இதில் ஒரு வசதியும் உண்டு. அந்த 61 நாளும் அப்பா கரையில் இருப்பார். தாலுகா அலுவலகத்துக்கு நடக்கவும் கையெழுத்துப் போடவும் ஆள் கிடைக்கும். சான்றிதழ் வேலைகளை ஜூன் 14-க்குள் முடித்துவிடுங்கள். படகு மறுபடி கடலில் இறங்கிய பிறகு வரும் வருமானம் ஜூலை, ஆகஸ்டில் கட்டணம் கட்ட உதவும். நாட்டுப்படகு, வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பனை ஏறும் வீடுகளுக்கு இதுவே பதநீர்க் காலம். உப்பள வேலைக்கும் இதுதான் சீசன். அவர்கள் வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

முதலில் போன் நம்பர்

விண்ணப்பம் தொடங்கிய நாள் முதல் இடம் உறுதியாகும் வரை எல்லா ஓடிபியும் பதிவு செய்த ஒரே எண்ணுக்குத்தான் வரும். அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஜூலையில் அவர் பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கலுக்குப் போய்விட்டால், பிள்ளை இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உறுதி செய்யும் அவகாசம் இரண்டே நாள் இருக்கும்போது இது இடத்தையே பறித்துவிடும். வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் எண்ணிலும் இதே சிக்கல். வீட்டில் இருக்கும் அம்மாவின் எண்ணையோ பிள்ளையின் எண்ணையோ கொடுங்கள். ரீசார்ஜ் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரௌசிங் சென்டர்காரரின் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுக்கவே வேண்டாம். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி சான்றிதழ் ஃபைலுக்குள் வையுங்கள்.

சான்றிதழ்கள்

சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகும். எங்கே நிற்கிறது என்பதை ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்துப் பார்க்கலாம். ஒரு வாரம் ஒரே இடத்தில் நின்றால் நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு தாள் குறைந்திருக்கும், அல்லது விசாரணைக்கு வந்தபோது வீட்டில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள். மே கடைசியில் கூட்டம் நெருக்கும். ஏப்ரலில், தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுவதே நல்லது.

கடற்கரையில் அதிகம் தடுக்கி விழும் இடம் பெயர்தான். முகமது என்ற ஒரு பெயரை ஆதாரில் ஒரு விதமாகவும், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு விதமாகவும், சாதிச் சான்றிதழில் வேறொரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருக்கும். எது எதற்கு ஒத்துப்போக வேண்டும்? பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். அதைத் திருத்துவது பள்ளி வழியாகத் தேர்வுத்துறை வரை போகும் நீண்ட வேலை. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுவது எளிது. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே இதைச் சரிபார்த்தால் கடைசி நேரத்தில் பதற வேண்டியதில்லை.

சாதிச் சான்றிதழில் எழுதியிருக்கும் சொல்லையும் வாசித்துப் பாருங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு ஒதுக்கீடு, அரசுப் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட பிரிவுகளுக்குத்தான். இராவுத்தர், மரைக்காயர் இரு பிரிவினரும் அந்தப் பட்டியலில் லெப்பை என்பதற்குள் வருகிறார்கள். சான்றிதழில் வெறுமனே முஸ்லிம் என்று மட்டும் இருந்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நீட் போன்ற மத்திய அரசுச் சேர்க்கைகளுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அது அந்தந்த நிதியாண்டுக்கானதாக இருக்க வேண்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. சில வருடம் துபாயிலோ சவூதியிலோ படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தேவை.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குச் சாதியும் வருமானமும் தடை இல்லை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. வீட்டில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இதனால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்த்தால் இந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் கடற்கரையில் சபைகளும் ஜமாஅத்துகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால், பல பெற்றோர் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்து விண்ணப்பத்தில் குறித்துவிடுகிறார்கள். சரிபார்ப்பில் அது தள்ளுபடியாகும்.

அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீடுகளில் பிள்ளை விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. பெற்றோர் கையெழுத்தை அம்மாவே போடலாம். தலைமை ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ் விசாரணைக்கு வரும் விஏஓவிடமும் சொல்லுங்கள்.

எங்கெங்கே விண்ணப்பிப்பது

ஒரே விண்ணப்பத்தில் எல்லாம் அடங்காது. பொறியியலுக்கு ஒன்று, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒன்று, வேளாண்மை, மீன்வளத்துக்கு வேறு, நர்சிங் மற்றும் துணை மருத்துவப் படிப்புகளுக்கு ஒன்று. எல்லாமே தனித்தனி இணையதளம், தனித்தனி கடைசித் தேதி. 2025-இல் பொறியியல் பதிவு மே 7-இல் தொடங்கி ஜூன் 6-இல் முடிந்தது. முடிவு வந்தது மே 8. மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, பதிவை முன்பே தொடங்கிவிடலாம். பொறியியல் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 250. அரசு கலைக் கல்லூரிக்கு 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

என்ன ஆசை இருந்தாலும் இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, அங்கேயே உள்ள அரசு மகளிர் கல்லூரி, பரமக்குடி, திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடி அரசுக் கல்லூரிகள் ஆகியவற்றில் வீட்டுக்குப் பக்கமான ஒன்றிரண்டுக்குக் கட்டாயம் போட்டு வையுங்கள். ஐம்பது ரூபாயில் ஒரு வருடம் வீணாகாமல் காக்கும் வேலை இது. இவற்றில் தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும், மற்றப் பாடங்களுக்கு மொழிகள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400-ஐயும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். 520 எடுத்த பிள்ளைக்குக் கிடைக்காத இடம் 500 எடுத்த பிள்ளைக்குக் கிடைப்பது இதனால்தான்.

கடலை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு மீன்வள அறிவியல் பட்டம் நல்ல வழி. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடி கல்லூரி 1977-இல் இருந்து நடக்கிறது. சாயல்குடியில் இருந்து ஒரே கடற்கரைச் சாலை. உயிரியல் படித்திருக்க வேண்டும், நீட் தேவையில்லை. கப்பல் வேலைக்கு ஆசைப்பட்டால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் முன்பே மூடிவிடும். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 விழுக்காடும் ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் வேண்டும். நிறக்குருடு இருந்தால் மருத்துவச் சோதனையில் நின்றுவிடும், ஆகவே கண்ணை முதலில் காட்டிவிடுங்கள். ஆறு மாதத்தில் கப்பல் வேலை என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்குப் பணம் கட்டும் முன், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்-ஆஃப், சாய்ஸ்

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 78, இயற்பியல் 70, வேதியியல் 66 என்றால் 78 + 35 + 33 = 146. பதிவு முடிந்ததும் வரும் ரேண்டம் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தரவரிசை இல்லை. மதிப்பெண்ணும் மற்ற எல்லாமும் சமமாக இருக்கும் இருவரில் யார் முன்னால் என்று தீர்க்க மட்டும் அது. தரவரிசைப் பட்டியல் வந்ததும் சாதிப் பிரிவு, 7.5 ஒதுக்கீடு, முதல் பட்டதாரி எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். குறை சொல்ல சில நாள் மட்டுமே கொடுப்பார்கள்.

சாய்ஸ் போடுவதில், அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசையாகக் குறித்துக் கொடுப்பதில்தான் அதிகம் இழக்கிறோம். கணினி என்ன செய்கிறது? தரவரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, இடம் இருக்கும் முதல் வரியில் நிறுத்துகிறது. எனவே கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே வைப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. ஆறேழு மட்டும் போட்டு நிறுத்தினால்தான் நட்டம், பட்டியல் தீர்ந்து கையில் ஒன்றும் இல்லாமல் போகும். 146 கட்-ஆஃப் பிள்ளை நாற்பது, ஐம்பது போட வேண்டும். முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பாடம், உங்கள் பிரிவில் எந்த மதிப்பெண்ணோடு நின்றது என்பதை வைத்து மேலே கொஞ்சம், நடுவே நிறைய, கீழே கொஞ்சம் என்று அடுக்குங்கள். கிடைத்தால் சேர மாட்டோம் என்றிருப்பதைப் பட்டியலில் வைக்கவே கூடாது. கல்லூரி எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொண்டு பிறகு தட்டுங்கள், ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு.

வீட்டின் எல்லைகளை இதற்கு முன்பே பேசிவிட வேண்டும். மகளை மதுரைக்கு மேல் அனுப்ப முடியாது என்றால் அதை ஜூனிலேயே சொல்லுங்கள். கோயம்புத்தூரில் இடம் வந்த பிறகு வேண்டாம் என்பது அந்தப் பிள்ளையின் ஒரு சுற்றை வீணாக்குவது. ஆனால் ஒன்று, தூரம் என்று மறுக்கும் முன் அங்கே அரசு விடுதி இருக்கிறதா, வீட்டுக்கு நேராக ரயில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு மறுங்கள். பாடத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். "என்னம்மா படிக்கப் போற?" என்று கேட்டால் தோளைக் குலுக்கும். "ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போடணும்னா பிடிக்குமா, மனுசங்களோட பேசணும்னா பிடிக்குமா?" என்று கேட்டால் பேச்சு நகரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை இந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் கொண்டு வர வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் ஏதாவது ஒன்றை அழுத்தியே ஆக வேண்டும்: ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன் ஆனால் மேலே கிடைத்தால் மாறுகிறேன், இது வேண்டாம் மேலே கிடைத்தால் மட்டும் போதும், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன். ஒன்றும் அழுத்தாவிட்டால் இடம் போய்விடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவதே பாதுகாப்பானது. மூன்றாவதில், மேலே எதுவும் கிடைக்காவிட்டால் கையில் இருந்ததும் போகும். தீவுக்குள் மின்சாரமோ நெட்டோ போகிற நாள் உண்டு. கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை இழுக்காமல் முதல் நாளே முடியுங்கள்.

பணம்

கலைக் கல்லூரிச் சேர்க்கை ஜூனிலேயே நடக்கும், பொறியியல் ஜூலையில் தொடங்கும். கலைக் கல்லூரியில் சேர்ந்து டிசியைக் கொடுத்த பிறகு பொறியியல் கிடைத்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள், கொடுக்கும் முன் பத்து நகல் எடுத்து வையுங்கள்.

தடைக்கால நிவாரணமாக வரும் 8,000 ரூபாயில் விண்ணப்பச் செலவுகள் அடங்கிவிடும். மே மாதமே வீடு தேடி வந்து, "இப்ப அட்வான்ஸ் கட்டலைன்னா சீட் போயிடும்" என்று சொல்லும் தரகருக்காகப் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்க வேண்டாம். அந்தக் கடன் நான்கு வருடத்துக்கு உங்களை ஒரே படகில் கட்டிப்போடும். அதே கல்லூரியின் அதே இடம் கலந்தாய்வில் வரலாம். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிட்டு, சேர்க்கைக் கடிதத்தோடு வங்கிக்குப் போங்கள். மீனவர் நல வாரிய உறுப்பினரின் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, வாரிய அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் பெயரிலேயே, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இதையும் தடைக்காலத்திலேயே திறந்துவிடுங்கள்.

ஒரு பாடம் போய்விட்டால்

முடிவு வந்த அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். யாராவது ஒருவர் கூடவே இருங்கள், திட்டுவதை எல்லாம் ஒத்தி வையுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. துணைத்தேர்வு ஜூன் கடைசியில் நடக்கும், பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். அதில் தேறிய பிள்ளைகளுக்காகப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு ஆகஸ்டில் நடக்கிறது. அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். எங்கும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் நடத்தும் உயர்வுக்குப் படி முகாமில் மீதி இடங்களைச் சொல்வார்கள். முகாம் தேதியைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, மேலே சொன்ன அதே ஃபைலை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.